வளையமும் கட்டைவிரலும்

பிரான்சின் ஆல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்கில் ஒரு கொல்லர் குடும்பம். ஜப்பானின் ஹியோகோ மாநிலத்தில் கொல்லர்கள் நிறைந்த ஓர் ஊர். ஒன்றை மற்றொன்று கேள்விப்பட்டிருக்கக்கூட வழியில்லை. ஆனாலும் 1890-களில் இரண்டு இடங்களிலும் ஏறக்குறைய ஒரே பொருள் பிறந்தது: பாகங்கள் குறைந்த, விலை மலிவான, உழைப்பாளி தன் பையில் போட்டுக்கொண்டு போகக்கூடிய மடக்குக்கத்தி. பிரெஞ்சுக்காரர்களுடையது ஒப்பினெல், ஜப்பானியர்களுடையது ஹிகோனோகாமி. பழைய பாணி மடக்குக்கத்திகளைச் சேர்ப்பவர்களின் இழுப்பறையைத் திறந்தால் அநேகமாக இரண்டுமே கிடக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு ஒரு காரணம் உண்டு. திறந்த அலகு கையை நோக்கி மடங்கிவிடாமல் யார் பிடித்துக்கொள்வது என்ற கேள்விக்கு இவை எதிரெதிரான விடை சொல்கின்றன. ஒப்பினெலில் அதை ஓர் எஃகு வளையம் பிடித்துக்கொள்கிறது. ஹிகோனோகாமியில் வைத்திருப்பவரின் கட்டைவிரல் பிடித்துக்கொள்ள வேண்டும். இவற்றை வைத்து எதை வெட்டலாம், எப்படித் தீட்டலாம், எந்த நாட்டில் பையில் வைத்துக்கொண்டு நடக்கலாம் என்பதில் பெரும்பகுதி அந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே வருகிறது.

ஒப்பினெலின் வரலாறு நன்றாகப் பதிவாகியிருக்கிறது. ஜோசப் ஒப்பினெல் 1872-இல் பிறந்தவர். சவோய் பகுதியில், சேன்-ழான்-த-மோரியன் நகருக்கு மேலே இருக்கும் அல்பியே என்ற மலையூர்ப் பக்கம் அவர்கள் பட்டறை. தந்தை கோடரி, அரிவாள், கவாத்துக் கத்தி அடிப்பவர். சுற்றுவட்டாரத்தில் அவர் சரக்குக்கு நல்ல பெயர். மகனுக்கோ இயந்திரங்கள் மேல்தான் நாட்டம். தானே ஒரு கேமராவைச் செய்து ஊரார் கல்யாணங்களைப் படம் பிடித்தவர் அவர். 1890-இல், 18 வயதில், தந்தையின் பட்டறையிலேயே தன் மடக்குக்கத்தியை வடிவமைத்தார். உருட்டிக் கடைந்த மரக் கைப்பிடி, அதன் கழுத்தில் ஓர் உலோகப் பூண், பூணையும் அலகையும் சேர்த்துக் கோக்கும் ஓர் ஆணி. அவ்வளவுதான். 1897-க்குள் 1 முதல் 12 வரை எண்ணிட்ட பன்னிரண்டு அளவுகள் வந்துவிட்டன. பிறகு இரண்டு எண்கள் வழக்கொழிந்தன: 1 மிகச் சிறியது, 11 தன் இரு பக்கத்து எண்களோடும் வித்தியாசம் தெரியாதது.

அவருடைய பெரிய சாதனை கத்தியின் வடிவம் என்று பலரும் எழுதுகிறார்கள். அதைச் செய்யும் முறையை அவர் கண்டுபிடித்தது அதைவிடப் பெரிது என்று எனக்குப் படுகிறது. மரத்தில் அலகு உட்காரும் பிளவை ஒரே சீராக அறுப்பதற்கு அவரே ஓர் இயந்திரத்தை உருவாக்கினார். கைப்பிடி கடைவதும் பிளவு அறுப்பதும் இயந்திர வேலையானதும், ஒரு கிராமத்துக் கத்தி தொழிற்சாலைப் பண்டமானது. காலமும் அவருக்கு உதவியது. பிரான்சையும் இத்தாலியையும் இணைக்கும் மலைக்குடைவு ரயில்பாதை 1871-இல் திறக்கப்பட்டு, அதே மோரியன் பள்ளத்தாக்கின் வழியாக ஓடிக்கொண்டிருந்தது. தலைச்சுமை வியாபாரிகளும் ரயில்வே தொழிலாளர்களும் கத்தியை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். இரண்டாம் உலகப் போர் தொடங்கும் முன்பே 2 கோடிக் கத்திகள் விற்றிருந்தன.

ஹிகோனோகாமியின் பிறப்பு அத்தனை துலக்கமானதல்ல. பாதி வரலாறு, பாதி ஊர்ப்பேச்சு. அது பிறந்த மிகி நகரம் தச்சுக் கருவிகளுக்குப் பேர்போனது. 1578 முதல் 1580 வரை படைத்தலைவர் ஹிதேயோஷியின் படை மிகிக் கோட்டையை முற்றுகையிட்டு, உள்ளே இருந்தவர்களைப் பட்டினி போட்டே பணிய வைத்தது. அழிந்த ஊரை மீண்டும் எழுப்பத் தச்சர்கள் வந்தார்கள். தச்சர்களுக்குக் கருவி செய்யக் கொல்லர்கள் வந்தார்கள். ரம்பம், உளி, இழைப்புளி என்று அந்தத் தொழில் வேரூன்றிவிட்டது. 1876-இல் படைவீரரும் போலீசாரும் தவிர வேறு யாரும் இடுப்பில் வாள் அணியக்கூடாது என்று மெய்ஜி அரசு ஆணையிட்டது. வாளுக்குத் தேவை குறைந்த அந்த நாட்களில், ஆணைக்கு அடுத்த இருபது ஆண்டுக்குள், மிகியைச் சேர்ந்த ஒரு வணிகர் தெற்கே கியூஷு தீவிலிருந்து ஒரு சிறு கத்தியைக் கொண்டுவந்து, அதைப்போலச் செய்து தரும்படி உள்ளூர்க் கொல்லரிடம் கேட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அலகின் முதுகிலிருந்து வால்போல நீளும் நெம்புகோல் மிகியில்தான் சேர்ந்தது என்கிறார்கள். சரக்கு நிறையப் போன கியூஷுவின் பழைய ஹிகோ நாட்டை வைத்து ‘ஹிகோ நாட்டின் தலைவன்’ என்று பெயரும் சூட்டினார்கள். ஊர்ப் பட்டறைகள் ஒரு சங்கமாகச் சேர்ந்து அந்தப் பெயரை வணிகக்குறியாகப் பதிந்துகொண்டன.

இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தால் முதலில் தெரிவது கைப்பிடி. ஒப்பினெல் பெரும்பாலும் பீச் மரம். உள்ளங்கைக்குள் உருண்டு உட்காரும், குளிரிலும் சில்லிடாது. நீண்ட நேரம் மரம் செதுக்கினாலும் எங்கும் உறுத்தாது. ஆனால் மரம் ஈரத்தைக் குடிக்கும், குடித்தால் உப்பும். உப்பினால் பிளவு அலகைக் கவ்விக்கொள்ளும். நகத்தை எவ்வளவு அழுத்தினாலும் அலகு வெளியே வராது. சவோய்க்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கைப்பிடியின் பின்முனையை மேசை விளிம்பிலோ கல்லிலோ ஒரு தட்டுத் தட்டினால் அலகு தானே சற்று எழும்பி நகத்துக்குப் பிடி கொடுக்கும். ‘சவோய்த் தட்டு’ என்றே அதற்குப் பெயர். ஐப்பசி மழைக்காலத்தில் சென்னை போன்ற கடலோர ஊரில் இந்தக் கத்தியை வைத்திருப்பவர் அந்தத் தட்டைக் கற்காமல் தப்ப முடியாது. பிளவின் உள்சுவரில் உப்புத்தாள் ஓட்டி, எண்ணெய் காட்டி வைப்பதும் நல்லது.

ஹிகோனோகாமியின் கைப்பிடி ஒற்றைத் தகடு. பித்தளையோ இரும்போ, ஒரு துண்டை வெட்டி முத்திரை அடித்து நடுவில் மடித்தால் கைப்பிடி ஆயிற்று. உட்புறம் திறந்தே இருப்பதால் உள்ளே சேரும் தூசியும் பழச்சாறும் கழுவினால் போய்விடும். மழைக்கு அது உப்பாது. ஆனால் மெலிந்தது, தட்டையானது. ஐந்து நிமிடம் அழுத்தி வேலை செய்தால் விரலில் தடம் பதியும். புதிய பித்தளை கையில் ஒரு வாடையை விட்டுப் போகும். அந்தக் கையோடு கொய்யாப்பழம் தின்ன எனக்குப் பிடிப்பதில்லை. சில மாதங்களில் பளபளப்பு போய் மங்கிய தேன் நிறம் வந்த பிறகுதான் பித்தளை அழகாகிறது.

அலகுக்கு வருவோம். ஒப்பினெலின் வாய் முனையை நோக்கி வளைந்து ஏறுகிறது, முனை சற்று மேல் நோக்குகிறது. ரொட்டி, பாலாடைக்கட்டி, தொத்திறைச்சி என்று பலகை மேல் வைத்து இழுத்து அறுக்க ஏற்ற வடிவம். முன்பு பிரெஞ்சு நாட்டுப்புறத்தில் சாப்பாட்டுக்கு உட்காரும் ஆண் தன் பையிலிருந்து தன் கத்தியையே எடுப்பான். வீட்டுப் பெரியவர் தன் கத்தியை மடக்கினால் பந்தி முடிந்தது என்று பொருள். அந்த மேசைக்காக வளைந்த அலகு இது. ஹிகோனோகாமியின் வாய் நேர்க்கோடு. முதுகுதான் முனை அருகே சரிந்து இறங்குகிறது. நேரான வாய் பென்சில் சீவவும், மூங்கிலைப் பிளந்து மெலிதாக்கவும், தாளை அளவுகோலோடு சேர்த்து வெட்டவும் உகந்தது. ஜப்பானில் இது பள்ளிப் பிள்ளைகளின் கத்தியாக இருந்தது. பென்சிலைச் சீவியதும், கையில் உருட்டிப் பறக்கவிடும் மூங்கில் தும்பியைச் செதுக்கியதும் இதை வைத்துத்தான்.

எஃகிலும் இரண்டும் வெவ்வேறு வழி. ஒப்பினெலின் கரிம எஃகில் கரிமம் 0.9 விழுக்காடு அளவில் இருக்கிறது. துருப்பிடிக்காத எஃகிலும் அதே கத்தி கிடைக்கிறது. ஹிகோனோகாமியின் நல்ல வகைகளில் மூன்றடுக்கு. நடுவில் ஷிமானே மாநிலத்து யாசுகியில் தயாராகும் ‘நீலத்தாள்’ எஃகு. கரிமம் ஒரு விழுக்காட்டுக்கு மேல், கொஞ்சம் டங்ஸ்டனும் குரோமியமும் சேர்ந்தது. இருபுறமும் மெத்தென்ற இரும்பு போர்த்தியது. கடினமான நடு எஃகு நெடுநாள் கூர் தாங்கும். போர்த்திய இரும்பு அலகு ஒடிந்துவிடாமல் காப்பதோடு தீட்டுவதையும் எளிதாக்குகிறது.

தீட்டும் விஷயத்தில் என் ஓட்டு ஐயமின்றி ஹிகோனோகாமிக்கே. அதன் இரு பக்கச் சரிவும் தட்டையாக, அகலமாக இருக்கின்றன. சரிவை அப்படியே சாணைக்கல்லில் படுக்க வைத்தால் போதும், கோணம் தானே கிடைத்துவிடும். முதன்முதலில் கல்லைத் தொடுகிறவர்கூடப் பத்து நிமிடத்தில் உருப்படியான கூரைக் கொண்டுவரலாம். ஒப்பினெலின் அலகு மெலிந்தது; வெட்டில் அபாரம். ஆனால் அதன் பக்கங்கள் லேசாகப் புடைத்தவை. கோணத்தைக் கை தேடிப் பிடிக்க வேண்டும், வளைந்து ஏறும் முனைப்பகுதியில் மணிக்கட்டைத் தூக்கவும் வேண்டும். தீட்டிப் பழகியவருக்கு இது பொருட்டில்லை. பழகாதவர்கள் முனையை மொட்டையாக்கிவிட்டுக் கத்தியைக் குறை சொல்வதைப் பார்த்திருக்கிறேன்.

தினமும் பையில் இருக்கிற கத்திக்குக் கூர்மைக்கு இணையான கேள்வி ஒன்று உண்டு: விரல் மேல் மடங்குமா? தொடக்கத்தில் ஒப்பினெலும் உராய்வை மட்டுமே நம்பியது. 1955-இல் ஜோசப்பின் மகன் மார்செல் ஒப்பினெல் பூணின் மேல் சுழலும் இன்னொரு வளையத்தைச் சேர்த்தார். பிளவுள்ள அந்த வளையத்தைத் திருகினால் அலகின் அடி அடைபட்டுவிடும். திறந்த அலகு மடங்காது. ‘விரோப்ளோக்’ என்று பெயர். 2000-ஆம் ஆண்டில் மூடிய நிலையிலும் பூட்டும்படி அதை மேம்படுத்தினார்கள். பையில் தானாகத் திறந்துகொள்ளும் பயமும் போனது. 6-ஆம் எண்ணிலும் அதற்கு மேற்பட்ட அளவுகளிலுமே இந்த வளையம் உண்டு. 2 முதல் 5 வரையான சிறியவை இன்றும் வளையமில்லாத பழைய முறைதான்.

ஹிகோனோகாமியில் பூட்டே கிடையாது. திறந்ததும் அலகின் வால் கைப்பிடியின் முதுகோடு படியும். வெட்டும்போது கட்டைவிரல் அந்த வால் மேல் இருக்க வேண்டும். இருந்தால் வெட்டும் விசையே அலகைத் திறந்த நிலைக்குத் தள்ளிக்கொண்டிருக்கும், ஆபத்து இல்லை. கட்டைவிரலை எடுத்துவிட்டு முனையால் குத்தினாலோ துளை போட முயன்றாலோ அலகு மடங்கி விரலுக்கு வரும். எனவே இந்தக் கத்தி தன்னைக் கையாளும் விதத்தைத் தானே வரையறுத்துவிடுகிறது: சீவலாம், அறுக்கலாம், குத்தக்கூடாது. ஒப்பினெலின் வளையமோ அந்தக் கட்டுப்பாட்டை நீக்கிவிடுகிறது. ஈரக் கையோடு, கையுறையோடு, இருட்டில், தோலில் துளை போட என்று எதற்கும் துணிந்து பயன்படுத்தலாம். திராட்சைத் தோட்டத்திலும் மலையேற்றத்திலும் அது பரவியதில் இந்த வளையத்துக்குப் பங்குண்டு.

சட்டம் குறுக்கிடுவது இந்த இடத்தில்தான். ஜப்பானின் ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி 6 செண்டிமீட்டருக்கு மேல் நீளமுள்ள அலகைத் தகுந்த காரணமின்றி எடுத்துச் செல்லக்கூடாது. மடக்குக்கத்திகளுக்கு ஒரு விலக்கு இருக்கிறது: அலகு நீளம் 8 செண்டிமீட்டருக்குள், அகலம் 1.5 செண்டிமீட்டருக்குள், தடிமன் 2.5 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். திறந்த அலகை நிலைநிறுத்தும் பூட்டும் இருக்கக்கூடாது. இங்கிலாந்திலும் இதே போக்கு. 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வெட்டும் வாய் 3 அங்குலத்துக்கு மிகாத மடக்குக்கத்தியைப் பொது இடத்தில் வைத்திருக்கக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பூட்டுள்ள கத்தி அந்தச் சலுகையில் அடங்காது என்று 1990-களின் தொடக்கத்தில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விளைவைப் பாருங்கள். 7 செண்டிமீட்டர் அலகும் வளையமும் உள்ள 6-ஆம் எண் ஒப்பினெலுக்கு லண்டன் தெருவில் காரணம் காட்ட வேண்டும். 6 செண்டிமீட்டர் அலகும் வளையமின்மையும் உள்ள 5-ஆம் எண்ணுக்கு வேண்டாம். விரலைக் காப்பதற்காக 1955-இல் சேர்த்த அதே வளையம் சட்டத்தின் பார்வையில் கத்தியை ஆபத்தான பொருளாக்குகிறது.

இதை மூடத்தனம் என்று கத்திப் பிரியர்கள் பொரிந்து தள்ளுவது வழக்கம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பூட்டு இருந்தால் குத்த முடியும். இல்லாவிட்டால் குத்துபவன் தன் விரலையே இழக்கக்கூடும். சட்டம் எழுதியவர்களின் தர்க்கமும் ஹிகோனோகாமியை அமைத்தவர்களின் தர்க்கமும் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. ஜப்பானில் சட்டம் விட்டுவைத்த கத்தியைச் சமூகம் விட்டுவைக்கவில்லை. 1960 அக்டோபர் 12 அன்று டோக்கியோவின் ஹிபியா அரங்கில், தொலைக்காட்சிக் கேமராக்களின் முன், சோஷலிஸ்ட் கட்சித் தலைவர் அசானுமா இனெஜிரோவை 17 வயது இளைஞன் ஒருவன் குத்திக் கொன்றான். அவன் கையிலிருந்தது சிறுவாள். பென்சில் சீவும் கத்திக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. இருந்தும் பிள்ளைகள் கையில் கூரான எதையும் கொடுக்காதீர்கள் என்று நாடு முழுவதும் ஓர் இயக்கம் எழுந்தது. பென்சில் துருவிகள் வகுப்பறைக்கு வந்தன, ஹிகோனோகாமி வெளியேறியது. ஊரெங்கும் இருந்த பட்டறைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. பதிவு பெற்ற அந்தப் பெயரோடு கத்தி செய்வது இன்று நாகாவோ குடும்பத்தின் ஒரே ஒரு பட்டறை.

ஒப்பினெலுக்கு அந்த வகைச் சோதனை வரவில்லை. அது 1985-இல் லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் வெளியிட்ட உலகின் அழகிய நூறு வடிவமைப்புகளின் பட்டியலில் ஏறியது, பிரெஞ்சு அகராதியில் பொதுப் பெயர்ச்சொல்லாகவே இடம்பெற்றது. பிரான்சிலும் காரணமின்றிக் கத்தியோடு நடமாடுவதைச் சட்டம் ஏற்பதில்லை. ஆயினும் மதிய உணவுக்குக் கத்தி எடுப்பவரைச் சந்தேகிக்காத ஒரு மேசைப் பழக்கம் அங்கே இருந்தது. பென்சிலை மட்டும் நம்பியிருந்த கத்திக்குப் பென்சில் துருவி வந்ததும் நிற்க இடமில்லாமல் போயிற்று.

சேர்ப்பவரின் கண்ணுக்கு இரண்டும் தரும் இன்பமும் வேறுவேறு. பழைய ஒப்பினெலை எடுத்தால் முதலில் வளையம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரிய அளவாக இருந்தும் வளையம் இல்லையென்றால் அது 1955-க்கு முந்தியதாக இருக்க வாய்ப்புண்டு. அடுத்தது அலகில் பதிந்த முத்திரை. மூன்று விரல் நீட்டிய கையும் அதன் மேல் ஒரு கிரீடமும் 1909 முதல் இந்த வீட்டின் சின்னம். கத்தி செய்பவர்கள் தங்கள் வேலையில் சின்னம் பொறிக்க வேண்டும் என்று 1565-இல் பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் சார்ல்ஸ் இட்ட ஆணையை நினைவில் வைத்து எடுத்தது. கை சேன்-ழான்-த-மோரியன் நகரச் சின்னத்திலிருந்து வந்தது, அங்கே போற்றப்படும் திருமுழுக்கு யோவானின் விரல்களைக் குறிப்பது. கிரீடம் சவோய் கோமக்களுடையது. முத்திரையின் எழுத்தமைப்பு காலந்தோறும் மாறியிருப்பதால் அதைப் படித்தே வயதை மதிப்பிடுகிறார்கள். ஹிகோனோகாமியில் கைப்பிடித் தகட்டின் முகமே ஆவணம். பதிவு பெற்ற குறி, பெயர், செய்தவரின் முத்திரை எல்லாம் வரிசையாக அடிக்கப்பட்டிருக்கும். இன்று இல்லாத பட்டறைகளின் முத்திரைகள் அதில் கிடைக்கும்போது, ஒரு தொழிலூரின் மனிதர்களைத் தெரிந்துகொள்கிறோம். அதனால் என் விருப்பம் எப்போதும் தேய்ந்த பழைய ஹிகோனோகாமிகளின் பக்கம்தான். மான்கொம்புக் கைப்பிடி போட்ட ஆடம்பர ஒப்பினெலோ, வரியோடிய டமாஸ்கஸ் அலகு வைத்த விலையுயர்ந்த ஹிகோனோகாமியோ என்னை இழுப்பதில்லை. இரண்டுமே பள்ளிப்பையிலும் தோட்டத்திலும் புழங்கப் பிறந்தவை. கரிம எஃகு அலகு ஆப்பிளையும் ஆரஞ்சையும் வெட்டி வெட்டி நீலமும் சாம்பலுமாக நிறம் மாறும். அந்தப் படலம் செந்துருவை ஓரளவு தடுக்கவும் செய்யும். பெட்டியிலேயே கிடந்த கத்திக்கு அந்த நிறம் வராது. வேலை முடிந்ததும் துடைத்து எண்ணெய் தொட்டு வைக்க வேண்டும். ஜப்பானில் கமேலியா விதை எண்ணெய், நமக்கு வீட்டிலிருக்கும் தேங்காய் எண்ணெய் போதும்.

இன்று இரண்டு கத்திகளும் மீண்டும் பிள்ளைகள் கைக்குப் போயிருக்கின்றன, அவரவர் வழியில். ஒப்பினெல் நிறுவனம் ‘என் முதல் ஒப்பினெல்’ என்று ஒன்று செய்கிறது: முனை மழுங்க உருட்டிய அலகு, கூடவே வளையம். ஆபத்துகளைப் பொருளிலிருந்தே ஒவ்வொன்றாகக் கழற்றியெடுக்கும் அணுகுமுறை. நாகானோ மாநிலத்தின் இகேதா ஊரில் உள்ள ஐசோமே தொடக்கப்பள்ளி 1980-களிலிருந்து முதல் வகுப்பில் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஹிகோனோகாமி கொடுத்து, பென்சிலைச் சீவக் கற்றுத்தருகிறது. கூரான முனை, பூட்டில்லாத அலகு, அருகில் ஓர் ஆசிரியர். என்னிடம் யாராவது ஆலோசனை கேட்டால், பெரியவர் துணை இருக்கிற வீட்டில் ஐசோமே பள்ளியின் வழியைத்தான் சொல்வேன்: ஒரு ஹிகோனோகாமி, ஆயிரம் எண் சாணைக்கல் ஒன்று, ஒரு கட்டுப் பென்சில். பிள்ளை தனியாகக் காடுமேடு சுற்றுமென்றால் மழுங்கிய முனையும் வளையமும் உள்ள ஒப்பினெல். வயது வந்தவர், எந்த நாட்டுக்குப் போனாலும் பையில் கத்தி வேண்டுமென்பவர், முதலில் அந்த நாட்டின் சட்டத்தைப் படித்துவிட்டு 5-ஆம் எண் ஒப்பினெலை யோசிக்கலாம். கைக்கு இதமான மரப்பிடியும் பூட்டில்லாத எளிமையும் சேர்ந்து கிடைப்பது அதில்தான்.